வாரம் இருநூறு தானே? – வீட்டுச் சாமான் வாங்கும் முன் ஒரு கணக்கு



பூந்தமல்லியை அடுத்த ஒரு கிராமத்துக் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு நோட்டைப் புரட்டியபோது, ஒரு சகோதரி இரண்டு மாதமாகச் சந்தா கட்டவில்லை என்று தெரிந்தது. அதுவரை ஒரு முறைகூட தவறாதவர். காரணம் கேட்டேன்.

"கிரைண்டர் எடுத்தேன் மேடம். வாரம் இருநூறு தானேன்னு நினைச்சேன். அதைக் கட்டினா சந்தாவுக்குக் காசு நிக்கல" என்றார்.

கிரைண்டர் மொத்தம் என்ன விலை என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வாரத் தவணை மட்டும்தான் மனதில் இருந்தது. இந்த மாதப் பாடம் இதுதான்.

நம்ம ஊர்க் கடைகள்

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என்று நாம் சாமான் வாங்கப் போகும் இடங்களில் சின்னச் சின்னப் பாத்திரக் கடைகளும் வீட்டு உபயோகப் பொருள் கடைகளும் நிறைய உண்டு. இந்தக் கடைகளால் நமக்கு நன்மை உண்டு. பழைய பாத்திரத்தை எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். சீர்ச் சாமானில் பெயர் வெட்டித் தருவார்கள். பழுது என்றால் நேரில் போய்க் கேட்கலாம். முகம் தெரிந்தவர்களுக்குத் தவணையிலும் கொடுப்பார்கள்.

தவணை தப்பு இல்லை. ஆனால் மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளத் தேதி உண்டு. நமக்கோ பால் பணம், களையெடுப்புக் கூலி, பூ கட்டும் காசு. ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. தவணை மட்டும் வாரா வாரம் வந்து நிற்கும்.

கணக்குப் போடுவோம்

உதாரணமாக, ரொக்க விலை 6,000 ரூபாய் உள்ள ஒரு கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். கையில் 1,000 ரூபாய் இருக்கிறது.

கடைத் தவணை: முன்பணம் 1,000. பிறகு வாரம் 200 வீதம் 30 வாரம், அதாவது 6,000. மொத்தம் 7,000 ரூபாய். பாக்கி 5,000-க்கு நாம் கூடுதலாகக் கொடுப்பது 1,000 ரூபாய். வாரா வாரம் அசல் குறைந்துகொண்டே வருவதால், இது நூற்றுக்கு மாதம் 5 ரூபாய்க்கும் மேல். அஞ்சு வட்டி என்று சொன்னால் நாம் வாங்குவோமா? இருநூறு என்று சொன்னதால் வாங்கிவிட்டோம்!

குழுக் கடன்: உங்கள் குழுவில் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். 5,000 ரூபாய் கடன், மாதம் 500 அசல், 10 மாதம். முதல் மாத வட்டி 50, அடுத்து 45, கடைசி மாதம் 5. மொத்த வட்டி 275 ரூபாய்தான். 2 ரூபாய் வட்டி என்றாலும் 550-தான். அந்த வட்டியும் நம் குழுவின் பணமாகவே இருக்கும்.

"வட்டியே இல்லை" என்றால்?

பெரிய ஷோரூம்களில் "ஜீரோ வட்டி" என்று போர்டு இருக்கும். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, ஜீரோ வட்டி என்று ஒன்றே கிடையாது, பல நேரம் வட்டி பிராசஸிங் கட்டணத்துக்குள் மறைந்திருக்கிறது என்று வங்கிகளுக்கு எழுதியது. ஆகவே எந்தக் கடையானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "முழுக்க ரொக்கமா குடுத்தா என்ன விலை? தவணையில மொத்தம் எவ்வளவு கட்டணும்?" இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி.

கடையில் பார்க்க வேண்டியவை

1. பேக் செய்த பொருளில் அச்சிட்ட எம்.ஆர்.பி. விலை எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் வரி கேட்கக்கூடாது. பேரம் பேசிக் குறைக்கலாம்.

2. பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். முத்திரையோடு லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். வெடித்தால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். விலை குறைவு என்று முத்திரை இல்லாததை வாங்காதீர்கள்.

3. எடைக்கு வாங்கும் பாத்திரம் என்றால், தராசு பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

4. பில் வாங்குங்கள். வாரண்டி அட்டையில் கடை சீலும் தேதியும் போடச் சொல்லுங்கள். தவணை அட்டையில் ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்குங்கள்.

பொருள் பழுதாகி, கடையில் பேசியும் தீரவில்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டால் இதெல்லாம் கஷ்டம்.

அந்தச் சகோதரி

குழு அவரைக் கோபிக்கவில்லை. விட்ட சந்தாவை மூன்று மாதத்தில் கட்டி முடிக்கத் தீர்மானம் எழுதினார்கள். அவரும் காலையில் மாவு ஆட்டி, தெருவிலேயே விற்கத் தொடங்கினார். அடுத்து இரண்டு பேர் கிரைண்டர் வேண்டும் என்றபோது, குழுக் கடன் எடுத்துச் சேர்ந்தே போய், ரொக்கத்துக்கு விலை குறைத்து வாங்கினார்கள். அதே கடையில்தான்!

குழுவில் பேசுவோம்

- நம்மில் எத்தனை பேர் இப்போது கடைத் தவணை கட்டுகிறோம்? மொத்தம் எவ்வளவு கட்டுவோம் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.
- வீட்டுச் சாமானுக்குக் குழுக் கடன் எவ்வளவு வரை கொடுக்கலாம்? தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
- அடுத்த ஆறு மாதத்தில் யாருக்கு என்ன தேவை? ஒரே பொருள் என்றால் சேர்ந்து வாங்க முடியுமா?