பிளவைப் பிணைத்த கைகள்

பெங்களூரின் லிங்கராஜபுரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவற்றுள் பலவற்றின் முன்னோர் தொழில் தேடி இங்கு வந்தவர்கள். அவ்வாறே, ஜப்பானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்கு 1905ஆம் ஆண்டு பிறந்தவர் ஜார்ஜ் நகாஷிமா. கட்டடக்கலை பயின்ற அவர், டோக்கியோவில் அந்தோனின் ரேமண்டு என்னும் கட்டடக்கலைஞரிடம் பணியாற்றினார்.

ரேமண்டு, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்திற்காகக் 'கோல்கொண்டா' என்னும் விடுதியை வடிவமைத்தார். அதன் கட்டுமானத்தை மேற்பார்வையிட நகாஷிமா 1937இல் புதுச்சேரிக்கு வந்தார். விடுதிக்குரிய அறைகலன்களைத் தேக்கு மரத்தில் வடிவமைத்தார். ஆசிரம வாழ்வில் மனம் தோய்ந்து, ஊதியத்தையும் துறந்தார்.

பின்னர் அவர் அமெரிக்கா திரும்பினார். 1941 டிசம்பரில் ஜப்பான், அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அதன்பின் அமெரிக்க அரசு, ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களே. நகாஷிமாவும் மனைவியும் கைக்குழந்தையும் 1942இல் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமிற்கு அனுப்பப்பட்டனர். பிறந்த நாட்டிலேயே அவர் அயலாராக நடத்தப்பட்டார்.

அம்முகாமில் கெண்டாரோ ஹிகோகாவா என்னும் தச்சர் இருந்தார். கட்டடக்கலையில் முதுகலைப் பட்டம் பெற்ற நகாஷிமா, அவரிடம் மாணவரானார். ஜப்பானியக் கைக்கருவிகளைக் கையாளவும் மரத்தோடு மரத்தைப் பொருத்தவும் பொறுமையுடன் கற்றார். 1943இல் ரேமண்டின் உதவியால் விடுதலை பெற்று, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறித் தச்சுப்பட்டறை அமைத்தார்.

பிளவுற்ற பலகையைத் தச்சர் பலர் ஒதுக்குவர். நகாஷிமா ஒதுக்கவில்லை. பிளவின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் குழி செதுக்கி, அதே வடிவமுள்ள மரத்துண்டை அதில் பதித்தார். நடுவில் ஒடுங்கி இருபுறமும் விரிந்த அத்துண்டு, பிளவு மேலும் விரியாமல் பற்றிக்கொண்டது. பிளவு மறையவில்லை, ஆயினும் மேசை உறுதியாக நின்றது.

1964இல் அவர் மீண்டும் இந்தியா வந்து, அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அறைகலன்களை வடிவமைத்தார். 1990இல் மறைந்தார்.

சொற்பொருள்
அறைகலன் – நாற்காலி, மேசை, கட்டில் முதலியன
தோய்தல் – ஈடுபடுதல்
அயலார் – வேற்றவர்
ஒடுங்கி – குறுகி

பயிற்சி
1. நகாஷிமா புதுச்சேரிக்கு வந்தது ஏன்?
2. வண்ணத்துப்பூச்சி வடிவத் துண்டு பிளவை எவ்வாறு தடுக்கிறது? படம் வரைந்து விளக்குக.
3. முகாமில் நகாஷிமா இழந்தவை எவை? பெற்றவை எவை?
4. உங்கள் வீட்டிலுள்ள பழைய மரப்பொருள் ஒன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.