இரண்டு சதவீத விஞ்ஞானிகள்

ஆண்டின் பிற்பகுதியில், தமிழ்நாட்டுக் கல்லூரி வாசல்களில் ஒரே மாதிரி ஃப்ளெக்ஸ் பேனர்கள் முளைக்கும்: 'ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நம் பேராசிரியர்.' அடுத்த நாள் அதே வாசகம் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தியாகிவிடும். படிப்பவர்கள் ஏதோ ஒரு நிபுணர் குழு கூடி, ஆய்வுகளை அலசி, ஆட்களைப் பொறுக்கி எடுத்தது என்றே நம்புகிறார்கள். அப்படி ஒரு குழுவே கிடையாது. ஸ்டான்ஃபோர்டில் பணிபுரியும் ஜான் அயோனிடிஸ் என்ற மருத்துவப் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும், எல்செவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் தரவை வைத்து 2019 முதல் போட்டுவரும் கணக்கு அது. ஒருவர் எழுதிய கட்டுரைகளை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்பதே அதற்கு அடிப்படை. பட்டியலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு: வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஓர் ஆண்டுக்கு மட்டும் ஒன்று. பேனரில் இருப்பது எது என்று பேனர் சொல்லாது.

மேற்கோள் எண்ணிக்கை பொய் என்று நான் வாதிடவில்லை. அது எதைக் காட்டுகிறது என்பதில்தான் குழப்பம். யூஜின் கார்ஃபீல்டு 1960-களில் மேற்கோள் அட்டவணையை உருவாக்கியது, ஒரு கட்டுரையைத் தொட்டு அடுத்தடுத்து என்னென்ன எழுதப்பட்டன என்று தேடிப் பிடிப்பதற்காக. ஆட்களை வரிசைப்படுத்தும் வேலை பிறகு அதன் தலையில் ஏறியது. வரலாற்றிலேயே அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க ஆலிவர் லவுரியும் சகாக்களும் 1951-இல் எழுதிய செய்முறைக் குறிப்பு. மூன்று லட்சம் முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டது அது. ஆய்வுக்கூடத்தில் புரதம் அளந்தவர்களெல்லாம் அதைக் குறிப்பிட்டார்கள், அவ்வளவுதான். ஐன்ஸ்டைனின் எந்தக் கட்டுரையும் அதை நெருங்காது. அதனால் லவுரி ஐன்ஸ்டைனை விஞ்சியவர் என்று யாரும் சொல்வதில்லை. இன்னொரு பக்கம், தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை. 'லான்செட்' இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது. அதற்கும் மேற்கோள்கள் ஏராளம். பெரும்பாலானவை அது தவறு என்று சொல்ல வந்தவை. கூட்டல் கணக்குக்குப் பாராட்டும் ஒன்றுதான், மறுப்பும் ஒன்றுதான்.

எல்லோர் வாயிலும் புழங்கும் எச்-இண்டெக்ஸையே எடுத்துக்கொள்வோம். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தது. ஒருவருடைய பத்துக் கட்டுரைகள் தலா பத்து மேற்கோள் பெற்றால் அவருடைய எண் 10. இன்னொருவர் ஒன்பதே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் பெற்றாலும் அவருடைய எண் 9. அயோனிடிஸ் குழு இந்தக் கோளாறுகளை அறியாததல்ல. ஆறு அளவுகளைச் சேர்த்து, தனியாகவோ முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ எழுதியவருக்குக் கூடுதல் எடை தருகிறது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திடும் துகள் இயற்பியல் கட்டுரைகளுக்கு இது ஓரளவு கடிவாளம்தான் (2015-இல் ஒரே கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள்!). ஆனால் மருத்துவ ஆய்வில் கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத் தலைவருடையது. கணிதத்திலோ பெயர்களை அகரவரிசையில் போடுவதே வழக்கம். அங்கே கூடுதல் எடையைத் தீர்மானிப்பது உழைப்பா, குடும்பப் பெயரின் முதல் எழுத்தா?

எண்ணுக்கு விலை வந்துவிட்டால் எண்ணைத் தயாரிக்கவும் ஆள் வருவார்கள். கிரெனோபிளில் கணினியியலாளர் சிரில் லாபே 2010-இல் ஐக் அண்ட்கரே என்ற இல்லாத மனிதரைப் படைத்தார். கணினி உளறிய நூற்றுச் சொச்சம் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டவைத்து, கூகுள் ஸ்காலரில் அவருக்கு 94 என்ற எச்-இண்டெக்ஸ் வாங்கிக் கொடுத்தார். அது வேடிக்கைக்கு. வேடிக்கையல்லாததும் உண்டு. அயோனிடிஸின் தரவை வைத்து 'நேச்சர்' 2019-இல் எழுதியபோது, தங்களுடைய மேற்கோள்களில் பாதிக்கு மேல் தாங்களும் சக ஆசிரியர்களுமே போட்டுக்கொண்டவர்கள் 250 பேருக்கு மேல் தேறினார்கள். சென்னையில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவருக்கு அது 94 சதவீதம். கிளாரிவேட் நிறுவனம் 2023-இல் தன் 'அதிக மேற்கோள் பெற்றோர்' பட்டியலிலிருந்து கணிதத் துறையையே தூக்கிவிட்டது. எண்களை நம்ப முடியவில்லை என்பதுதான் காரணம்.

எண்ணை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் ஊர்த் தேர்வுக் குழுக்களில் வேண்டியவர், வேண்டாதவர், சிபாரிசு, சாதி எல்லாம் நுழையும். எண்ணுக்கு முகம் தெரியாது. வலுவான வாதம், அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் எண்ணும் முகம் பார்க்கிறது: பெரிய கூடத்தில், ஆங்கிலத்தில், கூட்டம் மொய்க்கும் துறையில் வேலை செய்பவருக்கே அது சாயும். கிளாரிவேட் மேற்கோளை வைத்து முன்கூட்டியே சுட்டியவர்களில் பலர் நோபல் வாங்கினார்களே என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். ஆனால் அங்கே எண் முதல் சல்லடை மட்டுமே. கண்டுபிடிப்பைப் பார்த்துப் பெயரைச் சொல்வது மனிதர்கள். சல்லடையின் ஓட்டைக்குள் விழுபவரும் உண்டு. இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ், தனக்கு நோபல் வாங்கித் தந்த 1964 ஆய்வுக்குப் பிறகு பத்துக் கட்டுரைகூட எழுதவில்லை. இன்றைய முறையில் தனக்கு வேலையே கிடைத்திருக்காது என்று நோபல் பெற்ற 2013-இல் அவரே சொன்னார். ஆகவே எண் கேட்கவேண்டிய கேள்வியைக் கிளப்பலாம். பதவி உயர்வுக் குழு விண்ணப்பதாரரின் சிறந்த ஐந்து கட்டுரைகளை வாங்கி, துறை தெரிந்த வெளியாரைக் கொண்டு படிக்கவைத்தால் சிபாரிசுக்கும் இடம் குறையும், எண் தயாரிப்புக்கும் இடம் குறையும். அதுவரை, ஸ்டான்ஃபோர்ட் பெயரில் உலவும் அந்த எக்செல் கோப்பை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். தன்னைத்தானே மேற்கோள் காட்டிய சதவீதத்துக்கு ஒரு பத்தி, அவற்றை நீக்கினால் கிடைக்கும் இடத்துக்கு ஒரு பத்தி, அண்மைப் பதிப்புகளில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கும் ஒரு பத்தி அதில் இருக்கின்றன.