தராசு யார் கையில்?

பழவேற்காடு ஏரிக்கரைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏரியின் இறால் வரத்தை ஆய்வு செய்தாள். பாடு முறையில் சேராதவர்களின் வலைகளால்தான் இறால் குறைகிறது என்பது அவள் கண்ட முடிவு. (பாடு என்பது எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு. அந்த உரிமை எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை. அதனால் இங்கே மனத்தாங்கலும் பழையதுதான்.)

அவள் வாசித்து முடித்ததும் பின்வரிசை மாணவன் கேட்டான்: "உங்கப்பாவுக்குப் பாடு இருக்குல்ல?"

"நான் பொய் எழுதல டீச்சர்" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இதைத்தான் ஆய்வுலகில் நலன் முரண் என்கிறார்கள். அது இருப்பது குற்றமல்ல, மறைப்பதுதான் சிக்கல் என்று சொல்லி, 1967இல் நடந்ததை விளக்கினேன். ஹார்வர்டு அறிஞர்கள் மூவர் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில், இதய நோய்க்குக் கொழுப்பை முன்னிறுத்தி, சர்க்கரையின் பங்கைக் குறைத்து எழுதினார்கள். அதற்குச் சர்க்கரைத் தொழிலின் ஆய்வு அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உலகத்துக்குத் தெரிந்தது 2016இல். அன்று அப்படித் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. அந்த இதழ் அதைக் கேட்கத் தொடங்கியதே 1984இல்தான்.

"சொல்லிட்டா சரியாயிடுமா டீச்சர்?" என்றான் அதே மாணவன். நல்ல கேள்வி. நானே அதுவரை அறிவிப்போடு நிறுத்திக்கொண்டிருப்பேன்.

அறிக்கையின் தொடக்கத்தில், தன் தந்தைக்குப் பாடு உரிமை உண்டு, எடைக் கணக்கு அவருடைய நோட்டிலிருந்து எடுத்தது என்று அவள் எழுதினாள். பிறகு, பாடு இல்லாத குடும்பங்களின் பிடியையும் இரண்டு வாரம் எடை போட்டார்கள். தராசு கேள்வி கேட்டவன் கையில். இரண்டு கணக்குகளும் அட்டவணையில் ஏறின. இரண்டு பக்கமும் பிடி குறைவுதான் என்பது தெரிந்தது. ஆனால் காரணத்தைச் சொல்ல அந்த எண்கள் போதவில்லை. 'வலைகளால்தான்' என்ற சொல்லை அவளே அடித்துவிட்டாள்.

அன்றிரவு என் செயலாராய்ச்சிக் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். வாசிப்பு அட்டைகளைச் செய்தது நான். தேர்வு வைத்தது நான். திருத்தி, 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதியதும் நான். இவை மூன்றும் ஒரே ஆள் என்பதைக் கட்டுரையில் எங்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

இந்தப் பருவத்தில் அந்த விடைத்தாள்களைச் சக ஆசிரியர் ஒருவர் திருத்துகிறார். தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும். யார் அட்டையில் படித்தவர், யார் படிக்காதவர் என்பது அவருக்குத் தெரியாது.