தங்கையின் செம்பருத்திச் சாறு

ஆறாம் வகுப்பில் பயிலும் என் தங்கைக்கு, வீட்டுப் பொருள்களில் அமிலம் எது, காரம் எது என்று கண்டறிந்து அட்டையில் எழுதிவரும்படி சொல்லியிருந்தார்கள். "அக்கா, நீயே செய்து கொடுத்துவிடேன்" என்று வந்து நின்றாள். நான் பத்தாம் வகுப்பு மாணவியல்லவா! பெருமையோடு ஒப்புக்கொண்டேன். அப்பெருமையே எனக்கு வினையாயிற்று.

பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் உண்டு. வீட்டில் எங்கே போவது? அஞ்சறைப் பெட்டிக்குத்தான். மஞ்சள் தூளை நீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி, நிழலில் உலர்த்தி, பட்டைகளாக வெட்டினோம். சோப்பு நீர் பட்டதும் அது செம்பழுப்பாயிற்று. சுண்ணாம்புத் தெளிவிலும் அப்படியே. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் காரத்தில் இவ்வாறு நிறம் மாறும். ஆரத்தித் தட்டு சிவப்பதும், குழம்புக் கறை பட்ட வெள்ளைச் சீருடை சோப்புப் போட்டவுடன் சிவந்து நம்மைப் பயமுறுத்துவதும் இதனால்தான். ஆனால் எலுமிச்சைச் சாற்றில் மஞ்சள் தாள் மாறுவதில்லை. அமிலத்தை அது காட்டிக்கொடுக்காது.

அதற்குச் செம்பருத்தி இருக்கிறது. சிவப்புப் பூக்கள் ஐந்தாறின் இதழ்களைக் கிள்ளி, கேன் தண்ணீரைச் சுடவைத்து அதில் ஊறவைத்து வடிகட்டினோம். எலுமிச்சைச் சாற்றில் அதை விட்டதும் பளீரென்ற இளஞ்சிவப்பு! சுண்ணாம்புத் தெளிவில் பச்சை! தங்கை கைதட்டிக் குதித்தாள். வயலட் பூச்சாறு இவ்விதம் மாறுவதை இராபர்ட் பாயில் 1664-இல் வெளிவந்த தம் நூலிலேயே எழுதியிருக்கிறார். (சுண்ணாம்பைப் பெரியவர்களே எடுத்துத் தரவேண்டும்; கண்ணில் பட்டால் ஆபத்து. கழிவறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம்.)

இனி என் வினைக்கு வருகிறேன். நேரம் மிச்சமாகட்டுமென்று, சோதனை முடியுமுன்பே அட்டையில் முத்து முத்தாக "தண்ணீர் – நடுநிலை – மாற்றமில்லை" என்று எழிதிவிட்டேன். தங்கையோ ஆழ்குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்து சாற்றை விட்டாள். அது நீலம் கலந்த பச்சையாயிற்று. "அக்கா, மாறுகிறதே!" என்றாள். "கிண்ணத்தில் சோப்பு ஒட்டியிருக்கும். தண்ணீர் நடுநிலைதான், புத்தகத்திலேயே இருக்கிறது" என்று அதட்டினேன். "நான் கண்ணால் பார்த்தேனே" என்று முணுமுணுத்தவள், அழுதுகொண்டே போய்ப் படுத்துவிட்டாள்.

எனக்கு உறக்கம் வரவில்லை. எழுந்துபோய்க் கிண்ணத்தைக் கேன் தண்ணீரால் மூன்று முறை அலசி, மறுபடியும் செய்து பார்த்தேன். ஆழ்குழாய் நீரில் அதே நீலப்பச்சை. கேன் தண்ணீரில் மாற்றமில்லை. அப்போதுதான் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு நினைவுக்கு வந்தது. எங்கள் ஆழ்குழாய் நீரில் பைகார்பனேட் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவை நீரைச் சற்றுக் காரமாக்கும். புத்தகம் சொல்வது தூய நீரைப் பற்றி. தங்கை கண்டது எங்கள் வீட்டு நீரை.

விடிந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். என் வரியின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு கிண்ணங்களையும் தானே மறுபடி சோதித்துப் பார்த்த பிறகுதான் எழுதினாள். வரி கோணலாய்ப் போயிற்று. "ஆழ்குழாய்" என்பதில் ஓர் எழுத்தும் பிழை. நான் திருத்தவில்லை. வகுப்பில் ஆசிரியை அந்த ஒட்டுத் தாளைக் காட்டிக் காரணம் கேட்டபோது, வெந்நீர்ப் பாத்திரம் வரை எல்லாவற்றையும் அவளே சொன்னாளாம்.