கிராம்பு எண்ணெய்: வலி அடங்கும், சொத்தை அடங்காது

கிராம்பு மரத்தின் மலராத மொட்டே உலர்ந்தபின் நாம் சமையலில் இடும் கிராம்பு ஆகிறது. மலுக்குத் தீவுகளில் தோன்றிய இம்மரம் இன்று கன்னியாகுமரி மாவட்ட மலைத்தோட்டங்களிலும் செழித்து வளர்கிறது. இம்மொட்டுகளை நீராவியில் வடித்து எடுப்பதே கிராம்பு எண்ணெய். அதில் பெரும்பகுதி, ஏறத்தாழ 70 முதல் 90 விழுக்காடு வரை, யூஜினால் என்னும் ஒரே பொருளாகும்.

யூஜினால் நரம்பின் வழியே வலியுணர்வு செல்வதைச் சிறிது நேரம் தடுக்கிறது. சில கிருமிகளையும் ஒடுக்குகிறது. பல் மருத்துவர்கள் இதனைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துப் பல்லைத் தற்காலிகமாக அடைப்பதும் உண்டு. ஆகவே, பாட்டி வைத்தியம் என்று இதனை நாங்கள் ஒதுக்குவதில்லை.

எனினும், மரத்துப்போன பல் குணமான பல் அன்று. எண்ணெய் வைத்த சில நாள்களில் வலி முற்றிலும் நின்றுவிட்டால் நோய் தீர்ந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். சொத்தை ஆழமாகிப் பல்லின் உள்நரம்பு இறந்துபோனாலும் வலி நிற்கும். அதன் பின்னரே வேரடியில் சீழ் கோக்கத் தொடங்கும். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ இயலாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்கு வருதல் வேண்டும்.

பெரியவர்கள் பயன்படுத்துவதாயின், ஒரு துளியை அரைத் தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் கலந்து, பஞ்சில் தொட்டு, வலிக்கும் பல்லில் மட்டும் வைக்கலாம். நீர்க்காத எண்ணெய் ஈற்றையும் கன்னத்தின் உட்புறத்தையும் புண்ணாக்கும். பல் முளைக்கும் குழந்தையின் ஈற்றில் இதனைத் தடவவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை உட்கொள்வோர் இதனை விழுங்குவதும் கூடாது. யூஜினாலுக்கும் அத்தன்மை உண்டு.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது குழந்தைகள் இதனைக் குடித்துவிடுவதே. கறிக்கு இடும் பொருள்தானே என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. எண்ணெய் பன்மடங்கு செறிவானது. 5 முதல் 10 மில்லி, அதாவது ஓரிரு தேக்கரண்டி அளவு, விழுங்கிய சிறு குழந்தைகளுக்கு மயக்கமும் வலிப்பும் கல்லீரல் பாதிப்பும் நேர்ந்துள்ளன. கல்லீரல் பாதிப்பு உடனே தெரியாது. ஒரு நாள் கழித்தே வெளிப்படலாம். பாராசிட்டமால் நஞ்சுக்குத் தரும் அசிட்டைல்சிஸ்டீன் மருந்தையே இதற்கும் அளிக்கிறோம். அது எவ்வளவு விரைவில் தொடங்கப்படுகிறதோ அவ்வளவு நன்று.

குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திராமல் 108ஐ அழையுங்கள். குப்பியையும் உடன் கொண்டுவாருங்கள். எவ்வளவு குறைந்துள்ளது என்பதை அதனைக் கொண்டே கணிக்கிறோம். வீட்டில் ஓமத்திரவக் குப்பியும் இதுவும் ஒரே தட்டில் இருந்தால், இன்றே இதனை எடுத்துப் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.