பழைய புல்லட்டின் கார்புரேட்டரை நாமே சுத்தம் செய்வோம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிட்டால், நம் வீடுகளில் பல வண்டிகளும் தாழ்வாரத்தில் நின்றுவிடுகின்றன. தை பிறந்து வேலைக்குக் கிளம்பும்போது உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறதே தவிர வண்டி கிளம்புவதில்லை. திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். "இன்ஜின் இறங்கிவிட்டது, பெரிய செலவு" என்று யாராவது சொன்னால் கடன் வாங்கவும் துணிந்துவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு இன்ஜினில் இருப்பதில்லை, கார்புரேட்டரில்தான்.

சென்னை திருவொற்றியூரில் 1956 முதல் தயாரான புல்லட், மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி, ஓசூரில் தயாரான டி.வி.எஸ். 50 ஆகிய எல்லாமே கார்புரேட்டர் வண்டிகள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் புதிய பைக்குகளில் ஏறக்குறைய எல்லாமே இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. இனி வரும் மெக்கானிக் பிள்ளைகளுக்கு இந்தக் கைவேலை பழக்கமில்லாமல் போகலாம். அதனால் வண்டி வைத்திருப்பவரே கற்றுக்கொள்வது நல்லது. நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். தன் பொருளைத் தானே சரிசெய்துகொள்வதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

கார்புரேட்டரின் வேலை பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது. அடியில் இருக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும். அது நிறைந்ததும் மிதவை மேலெழுந்து சிறு ஊசியால் வழியை அடைத்துவிடும். ஐட்லிங்குக்குப் பைலட் ஜெட், வேகத்துக்கு மெயின் ஜெட். பைலட் ஜெட்டின் துளை மிகச் சிறியது. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக மாறி முதலில் அடைப்பது அதைத்தான். இப்போது பெட்ரோலில் எத்தனாலும் கலக்கிறார்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் அது பெட்ரோலிலிருந்து பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும். நம் கடற்கரையின் உப்புக் காற்றும் சேர்ந்தால் அலுமினியத்தில் வெள்ளைப் பூப்பும் பித்தளை ஜெட்டில் பச்சையும் படிகின்றன.

கழற்றுவதற்கு முன் பிளக், ஏர் ஃபில்டர், டேங்க் மூடியின் காற்றுத் துளை மூன்றையும் பாருங்கள். மூடித் துளை அடைத்தாலும் பெட்ரோல் இறங்காது. கார்புரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேலையைத் திறந்த வெளியில் வையுங்கள். அடுப்பு எரியும் வீட்டுக்குள் வேண்டாம், பீடி பற்ற வைத்தவர் பக்கத்தில் வரவும் வேண்டாம். இன்ஜின் ஆறியபின் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலை ஒரு தகர டப்பாவில் வடியுங்கள். அதை உப்பளக் கால்வாயில் ஊற்றக் கூடாது. அந்த உப்பு யாரோ ஒருவர் சாப்பாட்டில் சேரப் போகிறது.

பக்கவாட்டில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அந்த எண்தான் வழிகாட்டி. ஜெட்டுகளைப் பள்ளத்தில் சரியாக உட்காரும் ஸ்க்ரூ டிரைவரால் மட்டும் கழற்றுங்கள், பித்தளை எளிதில் சிதையும். சுத்தமான பெட்ரோலிலோ கார்புரேட்டர் கிளீனரிலோ ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றால் ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தவே கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அந்த ஜெட் கெட்டது, அதன்பின் எவ்வளவு டியூன் செய்தாலும் மைலேஜ் வராது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் மாற்ற வேண்டியதுதான். ஊசி முனையில் வளையம்போலத் தேய்மானம் இருந்தால் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும்.

மாட்டும்போது பலர் தடுமாறும் இடம் த்ராட்டில் ஸ்லைடு. அதன் அடியில் வெட்டுள்ள பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வண்டி ஒழுங்காக ஓடாது.

டியூனிங்கை இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே செய்யுங்கள், நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் போதும். ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைச் சற்றுக் கூட்டிவிட்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். புல்லட்டில் உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் காற்று கூடும். இன்ஜின் சத்தம் மிக வேகமாக, சீராகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐட்லிங்கைக் குறையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பிடிபட்டுவிடும். சில நாள் ஓட்டியபின் பிளக்கைப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் வீணாகிறது. வெள்ளையாக இருந்தால் உடனே கவனியுங்கள். பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறினால், அப்போது வருவதுதான் உண்மையான பெரிய செலவு. மைலேஜ் ஆசையில் ஏர் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி வெளியே எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த மழைக்கு வண்டியை நிறுத்தும் அன்றே டேப்பை மூடிக் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.