ஒலி எழாத செயலி

எழுத்தொலி பிறக்கும் வகையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். உந்தியினின்று எழுங் காற்று, தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூவிடத்து நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகின்றது என்பது அவர் கொள்கை. கைத்தொலைபேசியில் எழும் ஒலிக்கும் இத்தகையதொரு வழி உண்டு. ஒலிக்கோப்பு, அதனை இயக்கும் நிரல், கருவியின் அமைப்பு, ஒலிபெருக்கி என்பன அவ்வழியின் படிகளாம். இவற்றுள் ஒன்று தவறினும் எஞ்சுவது மௌனமே.

பேராதனைப் பொறியியற் பீடத்திற் கணினி பயிலும் எம் பழைய மாணவரொருவர், கண்டி நகரிலும் சூழவுள்ள தோட்டங்களிலும் வாழுஞ் சிறார்க்கு லகர ளகர ழகர வேறுபாட்டைக் கற்பிக்கும் செயலியொன்றை இயற்றுகின்றார் எனக் கொள்வோம். சிறுமியொருத்தி ழகரத்தைத் தொடுகின்றாள், ஒலி எழவில்லை. அவள் நிரலைக் குறை கூறாள். தன் பிழையென்றே எண்ணிக் கருவியை வைத்துவிடுவாள். ஆதலின், நிரலை மனம்போனபடி மாற்றுதலை விடுத்து, குறிகுணத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

1. கணினியில் ஒலித்து, ஐபோனில் என்றும் ஒலியாமை: கோப்பின் பெயரை நோக்குக. மாக் கணினி இயல்பாக ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளை ஒன்றாகக் கொள்ளும். ஐபோன் வேறாகக் கொள்ளும்.

2. முதன்முறை ஒலியாது, மறுமுறை ஒலித்தல்: அன்ட்ரொயிட்டின் சவுண்ட்பூல், கோப்பு ஏறி முடியுமுன் ஒலிக்குமாறு ஏவப்படின் 0 என விடை தரும். ஏற்றம் முடிந்தமை அறிவிக்கப்பட்ட பின்னரே ஏவுக.

3. பலமுறை ஒலித்துப் பின் அடங்குதல்: தொடுந்தோறும் புதிய மீடியாபிளேயரைப் படைத்து விடுவியாது விடின், கருவியின் வளம் தீர்ந்துபோம். பயன் முடிந்ததும் விடுவிக்க.

4. ஓர் ஐபோனில் ஒலித்து, மற்றொன்றில் ஒலியாமை: அக்கருவி மௌன நிலையில் இருத்தல் கூடும். செயலியின் ஒலி அமர்வு இயல்பாக அந்நிலைக்குக் கட்டுப்படும். அதனை ‘பிளேபேக்’ வகையாக அமைப்பின் கட்டுப்படாது.

இவை அனைத்தினுங் கொடியது, பிழையறிவிப்பை வாங்கி வாளாவிருக்கும் நிரல். பிழை நேர்ந்த இடத்தையும் காரணத்தையும் நிரலாளர் அறியப் பதிவுசெய்க. சிறுமிக்கோ, “ஒலி இப்போது கிடைக்கவில்லை, இது உன் பிழையன்று” என்னும் ஒரு வரியைத் திரையிற் காட்டுக. கற்போரின் ஊக்கத்தைக் காத்தலும் நிரலாளர் கடனேயாம்.